விறகு பிளக்கும் மின் மிஷின்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான கேள்வி பதில்

இங்கே சொல்வதெல்லாம் வீட்டு உபயோகத்துக்கான சிறிய, படுக்கை வகை மிஷினுக்கு. 1500 முதல் 2200 வாட் வரை சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 4 முதல் 7 டன் வரை தள்ளுவிசை. ஒரு முனையில் அசையாத இரும்பு ஆப்பு. மறுமுனையில் ஹைட்ராலிக் சிலிண்டர். அதன் தண்டு நீண்டு, ஒரு தட்டைக் கொண்டு கட்டையை ஆப்பின் மேல் தள்ளும். கை லீவரை விட்டால் ஸ்பிரிங் அந்தத் தட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அமைப்பு.

நம் கடற்கரைப் பகுதியில் இந்த மிஷின் கடினமான மரத்தால் கெடுவது குறைவு. குறைந்த வோல்டேஜ், உப்புக்காற்று, ஆயில் தொட்டியில் திறக்க மறந்த காற்றுத் திருகு, இந்த மூன்றால்தான் பெரும்பாலும் கெடுகிறது. அதனால் அவற்றைப் பற்றியே இங்கே அதிகம் எழுதியிருக்கிறோம்.

வெந்நீர் அடுப்புக்கு மட்டும் விறகு எரிக்கிறோம். இந்த மிஷின் வாங்கலாமா?

மாதம் 100 கிலோவுக்குள் எரிப்பவர்களுக்குத் தேவையில்லை. விறகுக் கடையிலேயே பிளந்து வாங்கிவிடலாம். தோப்பு, முந்திரிக் காடு, சவுக்கு வைத்திருப்பவர்கள், விறகடுப்பில் சமைக்கும் சிறு மெஸ், பலகாரம் போடுபவர்கள், புயலில் விழுந்த மரத்தை வீட்டோடு வைத்திருப்பவர்கள், கோடாலி தூக்க முடியாத வயதானவர்கள் இருக்கும் வீடுகள், இவர்களுக்குப் பயன்படும்.

5 டன் என்றால் எவ்வளவு பெரிய கட்டையைப் பிளக்கும்?

பெரும்பாலான 5 டன் மிஷின்களில் 52 செ.மீ. நீளம், 25 செ.மீ. குறுக்களவு வரை என்று போட்டிருப்பார்கள். அது நேராக வளர்ந்த, கணு இல்லாத மென்மரத்துக்கான கணக்கு. நம் ஊர்க் கட்டைகளுக்கு அதில் பாதியிலிருந்து முக்கால் வரை வைத்துக்கொள்ளுங்கள்: நீளம் 35 முதல் 40 செ.மீ., குறுக்களவு 15 முதல் 20 செ.மீ. அடுப்பு வாய்க்கும் அந்த நீளமே வசதி.

பெரிய கட்டையை நடுவில் குத்திப் பிளக்க முயல வேண்டாம். ஓரத்திலிருந்து 4, 5 செ.மீ. தள்ளி வைத்து, சுற்றிலும் சீவிக்கொண்டே வாருங்கள். நடுவில் வைரம், அதாவது கெட்டியான உள்மரம், மிஞ்சும்போது அது மிஷின் தாங்கும் அளவுக்கு வந்திருக்கும்.

எங்கள் பக்கத்து மரங்களில் எது எப்படிப் பிளக்கும்?

சவுக்கு பச்சையாக இருக்கும்போது மிக நன்றாகப் பிளக்கும். வெட்டி ஒரு வாரத்துக்குள் பிளந்துவிடுங்கள். முழுக் காய்ந்த சவுக்கு கல்லாக இறுகிவிடும், மோட்டார் முனகும். முந்திரி சுலபம். ஆனால் கிளை வளைந்து வளைந்து போவதால் 30 செ.மீ.க்கு மேல் நீளமாக அறுக்காதீர்கள். வளைந்த கட்டை தட்டுக்கும் ஆப்புக்கும் நடுவே நேராக உட்காராமல் எகிறும். முந்திரிப் பட்டையின் சாறு தோலில் பட்டால் சிலருக்கு எரிச்சல் கொடுக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் பலா நேராகப் பிளக்கும், ஆனால் பச்சைப் பலாவின் பால் ஆப்பில் பூசிக்கொண்டு காய்ந்துவிடும். அதற்குமேல் தூள் ஒட்டி, ஆப்பே தடித்துப்போனது மாதிரி ஆகும். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். காயவிட்டால் சுரண்ட வேண்டியிருக்கும்.

மா நல்லது, கவட்டை மட்டும் தொல்லை. வேம்பில் நார் கொஞ்சம் பின்னிக்கொண்டிருக்கும், பச்சையில் முடித்துவிடுங்கள். தைலமரத்தில் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். வெட்டிய இரண்டு மூன்று நாளில் பிளந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டைக்கும் மல்லுக்கட்ட வேண்டும். சீமைக் கருவேலம் பிளக்கும், முள்ளையும் கோணலையும் சமாளிக்கத்தான் நேரம் ஆகும். புளியில் 20 செ.மீ.க்கு மேல் உள்ள கட்டையை 5 டன் மிஷினில் வைக்காமலிருப்பதே நல்லது. அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், வைரமும் இரும்பு போல் இருக்கும். ஆப்பும் சம்மட்டியும் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு நாலாகப் பிளந்து வாங்கிக்கொண்டு, மீதியை மிஷினில் பார்க்கலாம்.

தென்னை மரத்தைப் பிளக்கலாமா?

வேண்டாம். பனையும் அப்படித்தான். இவற்றில் ஆண்டு வளையமோ, நேராகப் பிரியும் நாரோ கிடையாது. மெத்தென்ற சதைக்குள் தனித்தனி நார்க் கட்டுகள் பதிந்திருக்கும். ஆப்பு உள்ளே அமுங்கும், கட்டை பிளக்காது, கடைசியில் ஆப்பில் செருகிக்கொண்டு நிற்கும். தென்னையை அறுத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

எரிக்கவோ பிளக்கவோ கூடாத மரம் ஏதாவது உண்டா?

தில்லை மரம். பிச்சாவரம் உப்பங்கழிப் பக்கம் இருக்கும் மரம் இது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கும், தோலில் பட்டால் கொப்புளம் வரும். மிஷின் அழுத்தும்போது பச்சைக் கட்டையிலிருந்து பால் தெறிக்கும் என்பதால் கையால் வெட்டுவதைவிட ஆபத்து அதிகம். அலையாத்திக் காட்டு மரங்களை வெட்டவும் கூடாது. அரளி விஷச் செடி, அதன் கட்டையைச் சமையல் அடுப்பில் வைக்கவே கூடாது.

கடல் அடித்துக் கொண்டுவந்து போட்ட கட்டை, நாள்கணக்கில் உப்புத்தண்ணீரில் ஊறிய கட்டை, பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம் ஆகியவற்றையும் ஒதுக்குங்கள். உப்பு ஊறிய விறகின் புகை உடம்புக்குக் கெடுதல், அடுப்பின் இரும்பையும் தின்றுவிடும்.

சாலையோர வேம்பு, வேலியோர பூவரசு என்றால் முதலில் ஆணியும் கம்பியும் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத் தட்டி அடித்த ஆணி, முள்வேலிக் கம்பி எல்லாம் பட்டைக்குள் மூடிப்போயிருக்கும். வெட்டுமுகத்தில் நீலக்கறுப்பாக ஒரு கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள்.

எந்த மாதத்தில் பிளந்து வைப்பது?

பொங்கல் கழிந்து பிளக்க ஆரம்பித்து, சித்திரைக்குள் முடித்தால் வெயில் காலம் முழுக்கக் காயும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் விறகு கூரைக்கடியில் இருக்க வேண்டும். நன்றாக எரிய, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். காய்ந்த இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டணங்' என்று கணீரென்ற சத்தம் வரும். ஈரமானது 'தொப்' என்று சொல்லும்.

அடுக்கும்போது தரையிலிருந்து அரை அடி உயரத்தில் செங்கல் வைத்து, மேலே இரண்டு கட்டை போட்டு, அதன் மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு கை தள்ளியிருந்தால் காற்றும் ஓடும், கரையான் சுவரேறுவதும் தெரியும். மழைக்காலத்தில் அடுக்கிலிருந்து வெறுங்கையால் உருவாதீர்கள். கட்டுவிரியனும் தேளும் தங்குவது அங்கேதான்.

காற்றுத் திருகு என்கிறார்களே, அது என்ன?

மிஷினை வாங்கியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

ஆயில் தொட்டியின் மேல், பொதுவாக அளவுக் குச்சிக்குப் பக்கத்தில், சின்னத் திருகு ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஆலன் சாவியாலோ கையாலோ திருகுவது. தண்டு வெளியே நீளும்போது தொட்டியில் ஆயில் இறங்கி, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். தண்டு திரும்பும்போது அந்தக் காற்று வெளியே போகவேண்டும். அதற்கான வழிதான் இந்தத் திருகின் துளை. வேலை தொடங்குமுன் இரண்டு மூன்று சுற்று தளர்த்திவிட வேண்டும். மூடியபடியே ஓட்டினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் காற்று உள்ளே அடைபட்டு, அமுங்கி, விரிந்து, கடைசியில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் 'சீல்' கிழிந்துவிடும். சீல் போனால் ஆயில் கசியும், விசை குறையும். தொட்டி முழுவதையும் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

வேலை முடிந்து மிஷினைத் தூக்குமுன் திருகை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் சாய்க்கும்போது ஆயில் அந்தத் துளை வழியாகவே வழியும். "புது மிஷின், ஆயில் லீக் ஆகுது" என்று திருப்பி அனுப்பப்படும் மிஷின்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

திறந்திருக்கிறதா என்று சோதிக்க, தட்டு திரும்பி வரும்போது திருகின் பக்கத்தில் விரலை நீட்டுங்கள். மெல்லிய காற்று படவேண்டும். படவில்லையென்றால் துளை அடைத்திருக்கிறது: தூளோ குளவி மண்ணோ இருக்கலாம். மிஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, திருகை முழுக்கக் கழற்றி ஊதிவிடுங்கள். குச்சியோ கம்பியோ உள்ளே விடவேண்டாம், உடைந்து ஆயிலுக்குள் விழும்.

ஒவ்வொரு தடவையும் எந்த வரிசையில் தொடங்கவேண்டும்?

1. சமதளத்தில் வையுங்கள். மணல் தரை என்றால் கீழே பலகை. மிஷின் 45 முதல் 50 கிலோ இருக்கும், இருவராகத் தூக்குங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.
2. ஆயில் அளவு பாருங்கள்.
3. காற்றுத் திருகைத் திறங்கள்.
4. மோட்டாரை ஓடவிட்டு, கட்டை இல்லாமல் நாலைந்து முறை தட்டைக் கடைசிவரை விட்டுத் திரும்ப எடுங்கள். உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும். தட்டு குதித்துக் குதித்துப் போனால் இன்னும் சில முறை செய்யுங்கள்.
5. கட்டையை மிஷினின் படுக்கையில், அதாவது கட்டை கிடக்கும் இரும்புத் தளத்தில், நீளவாக்கில் வையுங்கள், வெட்டுமுகம் ஆப்பைப் பார்க்கும்படி. ஏற்கெனவே விரிசல் இருந்தால் ஆப்பு அந்த விரிசலுக்கு நேரே இருக்கட்டும். கணு இருந்தால் அது தட்டுப் பக்கம் இருக்கட்டும்.

குறுக்காக ஒருபோதும் வைக்காதீர்கள். நாரின் குறுக்கே அழுத்தினால் பிளக்காது. தண்டு வளையும் அல்லது கட்டை தெறிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கட்டை வைப்பதும் அப்படியே. ஒன்று பிளந்ததும் மற்றது பாய்ந்து வரும்.

ஒருவர் கட்டையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் லீவரை அழுத்தினால் வேலை சீக்கிரம் நடக்காதா?

இதனால்தான் விரல் போகிறது. ஒரு கை சுவிட்சில், ஒரு கை லீவரில் இருந்தால் மட்டும் ஓடும்படி மிஷினைச் செய்திருப்பதே, தட்டு நகரும் நேரத்தில் எந்தக் கையும் கட்டைப் பக்கம் இருக்கக் கூடாது என்பதற்காக. இன்னொருவர் கை உள்ளே வந்தால் அந்த ஏற்பாடு மொத்தமும் வீண். பிடிப்பவர் "நிறுத்து" என்று சொல்லி, ஓட்டுபவர் காதில் விழுந்து கை எடுப்பதற்குள் தட்டு இன்னும் சில செ.மீ. நகர்ந்துவிடும்.

ஒரே ஆள்தான் ஓட்டவேண்டும், அவரே கட்டையை வைக்கவேண்டும். உதவிக்கு இருப்பவர் அறுத்த கட்டைகளைப் பக்கத்தில் கொண்டுவந்து போடலாம், பிளந்ததை அடுக்கலாம். அதுவும் மூன்று, நான்கு அடி தள்ளி நின்று. லீவரையோ சுவிட்சையோ கயிறு, சைக்கிள் டியூப் கொண்டு கட்டி வைப்பது கூடவே கூடாது. அப்படிக் கட்டியிருக்கும் மிஷினை இரவல் வாங்கினால் முதல் வேலையாக அவிழ்த்துவிடுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சிராய் கண் உயரத்துக்குத்தான் எகிறும். ஹவாய் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். லுங்கியை மடித்துக் கட்டுங்கள்; புடவை முந்தானையை இடுப்பில் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கட்டை பிளக்காமல் நின்றுவிட்டால்?

5 விநாடிக்குமேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். நகராத கட்டையின்மேல் அழுத்திக்கொண்டே இருந்தால் ஆயில், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகச் சுற்றிக்கொண்டே சூடேறும், அந்தச் சூடு சீலைக் கெடுக்கும். லீவரை விட்டு, கட்டையை ஒரு கால் சுற்று திருப்பி வைத்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் முனை மாற்றி வையுங்கள். மூன்றாவது முறையும் நிற்கும் கட்டையை ஒதுக்கிவிடுங்கள், வெந்நீர் அடுப்பில் முழுதாகவே எரியட்டும்.

ஆப்பில் செருகிக்கொண்டால் சம்மட்டியால் அடிக்காதீர்கள், வார்ப்பு விரிசல் விடும். தட்டைத் திரும்ப விட்டு, பிளக்கைப் பிடுங்குங்கள். முக்கோணமாகச் சீவிய மரத்துண்டு ஒன்றைப் படுக்கையில் வைத்து, அதன் மெல்லிய முனையைக் கட்டையின் அடியில் செருகுங்கள். பிறகு மிஷினை ஓட்டி, தட்டால் அந்தத் துண்டைத் தள்ளினால் அது கட்டையை மேல்நோக்கிக் கிளப்பும். போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் தடித்த துண்டு. இந்த வேலைக்கென்றே இரண்டு மூன்று அளவில் சீவி, மிஷினோடு ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?

கூடாது. கணக்கைப் பாருங்கள். 2000 வாட் மிஷின் ஓடும்போது 9, 10 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் அந்த நொடியில் ஐந்து, ஆறு மடங்கு, அதாவது 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும். கடையில் வாங்கும் சாதாரண பாக்ஸின் வயர் 0.75 சதுர மி.மீ. இருக்கும். அதில் 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டருக்கு ஏறத்தாழ 1 ஓம் தடை. கிளம்பும்போது அந்த வயரிலேயே 50 வோல்ட் தொலையும். 230இல் 50 போனால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். அதே 20 மீட்டரை 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் போட்டால் இழப்பு 15 வோல்ட்தான்.

ஆகவே 2.5 சதுர மி.மீ., மூன்று கோர், 16 ஆம்பியர் பிளக் டாப், முடிந்தவரை குறைந்த நீளம். டிரம்மில் சுற்றிய வயர் என்றால் முழுக்கப் பிரித்துவிடுங்கள், சுற்றியபடி ஓட்டினால் உள்சுற்று உருகும்.

இன்னொன்று. இறக்குமதி மிஷின்களில் உருண்டை முனை இரண்டு வைத்த ஐரோப்பியப் பிளக் இருக்கும். அதில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் வருகிறது. அதை ஒரு கன்வெர்ட்டரில் செருகினால் மிஷின் ஓடும், ஆனால் பல கன்வெர்ட்டரில் எர்த் இணையாது. ஈரத் தரையில், வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டு செய்யும் வேலை இது. எலக்ட்ரீஷியனை வைத்துப் பிளக்கை வெட்டி, 16 ஆம்பியர் மூன்று பின் பிளக் மாட்டி, பச்சை-மஞ்சள் வயரைப் பெரிய பின்னில் இணைக்கச் சொல்லுங்கள். அந்த லைனில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கவேண்டும். கரண்ட் மிஞ்சினால் விழும் எம்.சி.பி. சுவிட்ச் 'சி' வகை 16 ஆம்பியராக இருந்தால் கிளம்பும் கரண்ட்டுக்கு விழாது.

சுவிட்ச் போட்டால் 'உம்' என்று சத்தம் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை. என்ன செய்வது?

உடனே கையை எடுங்கள். அந்த 'உம்' பத்து விநாடி தொடர்ந்தால் மோட்டாரின் 'காயில்' (கம்பிச் சுருள்) சூடேறிக் கருகும்.

காரணம் இரண்டில் ஒன்று. முதலில் வோல்டேஜ்: மல்டிமீட்டரை மிஷினைச் செருகும் சாக்கெட்டிலேயே வைத்துப் பாருங்கள், மீட்டர் பெட்டியில் அல்ல. 210க்குக் கீழே இருந்தால் அப்போது ஓட்டாதீர்கள். மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்குச் சாயங்காலம் 6 மணிக்குமேல் இறங்கும். காலை வேளை நல்லது. வீட்டில் பம்பு மோட்டாரோ ஏ.சி.யோ ஓடும்போது இதையும் போடாதீர்கள். சின்ன ஸ்டெபிலைசர் இந்தக் கிளம்பும் கரண்ட்டைத் தாங்காது, வீட்டு இன்வெர்ட்டர் சுத்தமாக உதவாது. ஜெனரேட்டர் என்றால் 5 கே.வி.ஏ. வேண்டும்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் முனகினால் கெபாசிட்டர். கடையில் கண்டென்சர் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அதன் மேல் எத்தனை மைக்ரோ ஃபாரட், எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கும். அதே மைக்ரோ ஃபாரட், வோல்ட் 450 என்று வாங்குங்கள். வீங்கியிருந்தாலோ அடியில் எண்ணெய் கசிந்திருந்தாலோ அளந்து பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். பழகாதவர்கள் தொட வேண்டாம்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தானாக நின்று, சற்று ஆறியபின் ரீசெட் பொத்தானை அமுக்கினால் ஓடுகிறது என்றால், சுமை மிஞ்சும்போது மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் சுவிட்ச் வேலை செய்திருக்கிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

மோட்டாரின் பெயர்ப் பலகையில் 'எஸ் 6 40%' அல்லது 'எஸ் 3 25%' என்று பொடியாகப் போட்டிருக்கும். எஸ் 6 40% என்றால் 10 நிமிடத்தில் 4 நிமிடம் சுமையில், 6 நிமிடம் சும்மா ஓடலாம். எஸ் 3 25% என்றால் 10 நிமிடத்தில் இரண்டரை நிமிடம் மட்டும் ஓட்டி, மீதி நேரம் நிறுத்தி வைக்கவேண்டும். கட்டையை எடுத்து வைப்பது, பிளந்ததைத் தள்ளுவது எல்லாம் சேர்ந்தால் எஸ் 6 மிஷினில் அந்த இடைவெளி தானாகவே கிடைத்துவிடும். எஸ் 3 மிஷினில் கிடைக்காது, ஒவ்வொரு கட்டைக்கும் நடுவே மோட்டாரை நிறுத்திப் பழகுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் 11 மணியிலிருந்து 4 மணி வரை ஓட்டவேண்டாம். ஆயில் சூட்டில் தண்ணீராக இளகி, சீல் ஓரமாக உள்ளேயே நழுவும். காலையில் பிளந்த அதே மரம் மதியம் பிளக்காமல் போவது அதனால்தான். சிலிண்டரைத் தொட்டால் கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அரை மணி நேரம் நிழலில் விடுங்கள்.

எந்த ஆயில், எவ்வளவு?

ஹைட்ராலிக் ஆயில், நம் வெயிலுக்கு 46 கிரேடு. சர்வோ சிஸ்டம் 46, எச்.பி. என்க்ளோ 46 போன்றவை. மிஷின் கையேட்டில் 32 என்றிருந்தால் அது குளிர்நாட்டையும் கணக்கில் வைத்துச் சொன்னது. அந்த எண் 40 டிகிரி வெப்பத்தில் ஆயிலின் பிசுபிசுப்பைக் குறிக்கிறது. எண் குறைந்தால் இளக்கம் கூடும். அளவு மிஷினுக்கு மிஷின் மாறும், இரண்டரையிலிருந்து மூன்றரை லிட்டர் வரை இருக்கும். பெயர்ப் பலகையில் போட்டிருப்பதே கணக்கு.

பிரேக் ஆயில் ஊற்றவே கூடாது. இந்த மிஷினின் ரப்பர் சீலெல்லாம் அதில் ஊறி உப்பிவிடும். பைக்கில் வடித்த பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம், அதில் இருக்கும் இரும்புத் தூள் பம்பைத் தேய்க்கும்.

ஆயிலை எப்போது, எப்படி மாற்றுவது?

150 மணி நேரத்துக்கு ஒரு முறை. வீட்டு உபயோகத்தில் அவ்வளவு மணி சேர வருடங்கள் ஆகும், ஆனால் காற்றுத் திருகு வழியாக ஈரக்காற்று போய்வந்துகொண்டே இருப்பதால் கடற்கரை ஊர்களில் வருடம் ஒரு முறை, மழை முடிந்து தை மாதத்தில் மாற்றிவிடுவதே நம் கருத்து. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அப்போது தேதி பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

மிஷினை இரண்டு நிமிடம் ஓட்டி ஆயிலை லேசாகச் சூடாக்குங்கள். தட்டு முழுதாக உள்ளே போயிருக்கட்டும், பிளக்கைப் பிடுங்குங்கள். 5 லிட்டர் பிடிக்கும் அகலமான சட்டியைக் கீழே வைத்து, அளவுக் குச்சியோடு கூடிய போல்டைக் கழற்றி, அந்தப் பக்கம் சாய்த்து வடியவிடுங்கள். பத்து நிமிடம் கொடுங்கள், கடைசியில் வருவதில்தான் கசடு இருக்கும். பிறகு ஆயில் வாய் மேலே வரும்படி நிமிர்த்தி, சுத்தமான புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். குச்சியைத் துடைத்து விட்டு எடுத்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்கவேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் காற்றுத் திருகு வழியாகக் கக்கும். போல்டின் வாஷரோ ஓ ரிங்கோ நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். மாட்டியபின் திருகைத் திறந்து, வெறும் தள்ளல் ஐந்தாறு கொடுத்து, மறுபடி அளவு பாருங்கள்.

வடித்த ஆயிலை மண்ணிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள், அது கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். விறகில் தெளித்து எரிப்பதும் தப்பு. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் தட்டு சரியாக வேலை செய்யவில்லை.

தட்டு அசையவே இல்லை: லீவர் கம்பி வளைந்து வால்வை முழுதாகத் தள்ளவில்லை, அல்லது ஆயில் இல்லை. உதறிக்கொண்டு போகிறது: ஆயில் குறைவு அல்லது உள்ளே காற்று. போகிறது, ஆனால் விசை இல்லை: ஆயில் சூடு, மழுங்கிய ஆப்பு, ரிலீஃப் வால்வில் கசடு, கடைசியாக சீல் தேய்மானம், இந்த வரிசையில் சோதியுங்கள்.

விசை போதவில்லை என்று அழுத்தத் திருகைத் தேடிப்பிடித்துத் திருகாதீர்கள். தொழிற்சாலையில் அளந்து, பசை வைத்து மூடியது அது. அதைத் திருகிய மிஷினில் தண்டு வளையும், வெல்டிங் விடும்.

தட்டு போய்விட்டுத் திரும்பவில்லை: காற்றுத் திருகு மூடியிருக்கலாம். அடுத்து, படுக்கையின் ஓரங்களில் தூளும் பட்டையும் அடைத்திருக்கும், தண்டில் துரு இருக்கும், ஸ்பிரிங் உடைந்திருக்கும். உடைந்த ஸ்பிரிங்கை வீட்டில் மாட்ட முயல வேண்டாம், அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும். சீல் என்றால் பழையதைக் கையோடு எடுத்துப்போய், உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் மி.மீ. கணக்கில் பார்த்து வாங்குங்கள். கம்பெனி பாகம் கிடைக்காவிட்டாலும் அளவு கிடைக்கும். தண்டில் ஆழமான கீறல் இருந்தால் புதுச் சீலும் நிற்காது, முதலில் லேத் பட்டறையில் காட்டவேண்டும். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள்.

ஆயில் எங்கே கசிகிறது என்று கை வைத்துப் பார்க்கலாமா?

ஓடும்போது ஒருபோதும் கூடாது. உள்ளே அழுத்தம் சதுர செ.மீ.க்கு 200 கிலோவை எட்டும். ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, தசை அழுகத் தொடங்கும். அட்டையை நீட்டிப் பாருங்கள், அதில் ஈரம் தெரியும். கையில் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக் காத்திருக்காமல், ஜிப்மர் மாதிரி அவசர அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். "அழுத்தத்தில் வந்த ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

உப்புக்காற்றில் துரு பிடிக்காமல் எப்படிக் காப்பது?

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் ஒரே மழைக்காலத்தில் படுக்கை சிவந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிட்டு, அதே ஹைட்ராலிக் ஆயில் நனைத்த துணியால் தண்டையும் படுக்கையையும் ஆப்பையும் துடையுங்கள். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துரு முதலில் பிடிப்பது தூள் தங்கிய மூலையில்தான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகும். கிரீஸை அப்பி வைத்தாலும் மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் வேலை செய்யும், மெல்லிய பூச்சே போதும்.

வைக்கும்போது தண்டு முழுக்க உள்ளே இருக்கவேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் போர்வையைப் போர்த்தி, மேலே தார்ப்பாயைக் கூரை மாதிரி விடுங்கள், அடிப்பக்கம் காற்று ஓடட்டும். பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே எனாமல். தண்டிலும் படுக்கையில் தட்டு உரசும் இடத்திலும் பெயின்ட் படக்கூடாது. நாள்பட எடுக்காத மிஷினில், மோட்டார் விசிறிப் பக்கத்து ஓட்டைகளில் குளவி கூடு கட்டியிருக்கிறதா, சுவிட்சுக்குள் எறும்பு புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆப்பைத் தீட்ட வேண்டுமா?

கத்தி மாதிரி வேண்டியதில்லை. கூர்மையான முனை சீக்கிரம் மடங்கிவிடும். முனையில் மடிப்போ பல்லோ விழுந்திருந்தால் தட்டையான அரத்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்து, பழைய சரிவிலேயே கொண்டுவாருங்கள். கிரைண்டர் வைத்து நீலம் பாயும் அளவு சூடாக்கினால் இரும்பின் உறுதி போய்விடும்.

கரண்ட் எவ்வளவு ஆகும்?

2000 வாட் மிஷின் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், சும்மா சுற்றும் நேரம் போக அதற்கும் கீழேதான் வரும். 20 செ.மீ. குறுக்களவு, 40 செ.மீ. நீளமுள்ள பச்சைச் சவுக்குக் கட்டை ஏறத்தாழ 12 கிலோ. நாலாகப் பிளக்க மூன்று தள்ளல், எடுத்து வைப்பதோடு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு 300 கிலோவுக்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டு மின் இணைப்பில் கூலிக்குப் பிளந்து கொடுப்பது மட்டும் கூடாது, அதற்குக் கட்டண வகை வேறு.

வெள்ளத்தில் மிஷின் மூழ்கிவிட்டது. போட்டுப் பார்க்கலாமா?

போடவே போடாதீர்கள். 2015 மழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரைபுரண்டபோதும் பாகூர், கடலூர்ப் பக்கம் தண்ணீர் புகுந்த வீடுகள் நிறைய. மூழ்கிய மோட்டாரை வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட்டுச் சுவிட்ச் போட்டால் காயில் போய்விடும். வெளியே காய்ந்தாலும் காயில் சுற்றுக்குள் ஈரம் இருக்கும்.

முதலில் நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவுங்கள். ஆயிலை முழுக்க வடித்துவிடுங்கள், காற்றுத் திருகு மூடியிருந்தாலும் நம்பவேண்டாம். மோட்டாரைக் கழற்றி காயில் கட்டும் கடையில் கொடுத்தால் சூட்டில் உலர்த்தி, மெக்கர் என்ற கருவி வைத்து இன்சுலேஷன் பார்ப்பார்கள். பேரிங் மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள், சேற்றுத் தண்ணீர் போன பேரிங் நிலைக்காது. சுவிட்சும் கெபாசிட்டரும் புதிது. புது ஆயில் ஊற்றி, பத்து வெறும் தள்ளல் கொடுத்து, ஆயிலைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அதையும் வடித்து மறுபடி ஊற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே மிஷினைத் திண்ணைக்கோ மேசைக்கோ ஏற்றி, காற்றுத் திருகை மூடிவிட்டால் இந்த வேலை எதுவும் இல்லை.